அருமண்: சுத்த மின்சாரத்தின் கழிவுக் கணக்கு

காற்றாலைக்கும் மின்காருக்கும் தேவைப்படும் அருமண் உலோகங்களை எடுப்பதால் மண்ணும் நீரும் எப்படிக் கெடுகின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: சூரியத் தகடு, லித்தியம் பேட்டரி, காற்றாலை எல்லாவற்றிலும் அருமண் இருக்கிறது, ஆகவே பசுமை என்பதே பொய் என்று ஒரு காணொலி சுற்றுகிறது. உண்மையா?

பாதிக்கு மேல் தவறு. சிலிக்கான் சூரியத் தகட்டில் அருமண் கிடையாது. லித்தியம் பேட்டரியில் இருப்பவை லித்தியம், நிக்கல், கோபால்ட், மாங்கனீசு, இரும்பு, கிராஃபைட் போன்றவை. இவற்றில் ஒன்றுகூட அருமண் இல்லை. கோபால்ட் சுரங்கத்துக்கும் லித்தியம் உப்பளத்துக்கும் தனித் தொல்லைகள் உண்டு. அவற்றை இங்கே கொண்டுவந்து கலந்தால் இரண்டு கணக்குமே குழம்பும். பழைய ஹைப்ரிட் கார்களின் நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரியில் மட்டும் லாந்தனம் உண்டு.

அருமண் தனிமங்கள் மொத்தம் 17. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15, அவற்றோடு ஸ்காண்டியமும் இட்ரியமும். சுத்த மின்சாரத்துக்கு முக்கியமாக வேண்டியவை நாலுதான்: நியோடிமியம், பிரசியோடிமியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம். நாலும் போய்ச் சேரும் இடம் நிலைக்காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் அது. எடையில் ஏறக்குறைய 30% அருமண், 1% போரான், மீதி இரும்பு. மின்கார் மோட்டாரில் 1 முதல் 2 கிலோ காந்தம் இருக்கும். கியர் பெட்டி இல்லாத நேரடிச் சுழற்சிக் காற்றாலையில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ. கியர் பெட்டியோடு தூண்டல் ஜெனரேட்டர் வைத்த காற்றாலையில் காந்தமே இல்லை. கடலில் நிறுத்தும் காற்றாலைகளில்தான் நேரடிச் சுழற்சியை அதிகம் விரும்புகிறார்கள். நடுக்கடலில் கியர் பெட்டி பழுதானால் ஆகும் செலவுதான் காரணம்.

கேள்வி: சீரியம் பூமியில் செம்பளவுக்குக் கிடைக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு கழிவு?

மிகக் குறைவாகக் கிடைக்கும் லுட்டீசியம்கூட வெள்ளியைவிட அதிகம். ஆனால் இவை ஓரிடத்தில் செறிந்து கிடப்பது அபூர்வம். கிடந்தாலும் எல்லாம் ஒரே தாதுவுக்குள் பின்னிக் கிடக்கும். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் +3 மின்னூட்டம், அயனி அளவில் நூலிழை வித்தியாசம். ஆகவே பிரிப்பதுதான் பெரும்பாடு, கழிவும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சீனாவின் பாயன் ஓபோ தாதுவின் அருமண்ணில் பாதி சீரியம், கால்வாசி லாந்தனம், நியோடிமியம் 17% அளவில். ஒரு கிலோ நியோடிமியம் எடுத்தால் கேட்காமலே மூன்று கிலோ சீரியம் கூடவே வரும். அதை வாங்க ஆள் குறைவு. கழிவு எந்தப் பொருளின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை இது தலைகீழாக மாற்றிவிடும். நிலக்கரிக் கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறோம்.

கேள்வி: பாறையிலிருந்து ஆக்சைடு வரை எந்தப் படியில் எது கெடுகிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் தாதுவை மாவாக அரைத்து, நுரை மிதப்பு முறையில் செறிவாக்குவார்கள். பாயன் ஓபோ தாதுவில் அருமண் ஆக்சைடு சுமார் 5%, அமெரிக்காவின் மவுன்டன் பாஸில் 7% சொச்சம். மீதியெல்லாம் சேறு. பாயன் ஓபோ தாது போய்ச் சேரும் பாவ்டோ நகருக்கு வெளியே அந்தச் சேறு சுமார் 10 சதுர கிலோமீட்டர் குட்டையாக நிற்கிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் அடியில் தடுப்புப் படலம் இல்லாமல் கட்டியது, மஞ்சள் ஆறு அங்கிருந்து 10 கிலோமீட்டர் அளவுதான். சேற்றில் புளோரைடும், கதிரியக்கம் உள்ள தோரியமும் உண்டு. காய்ந்த கரையிலிருந்து காற்று தூசை அள்ளும், அடியிலிருந்து நீர் கசியும். தூசை அடக்க ஈரம் வேண்டும், கசிவை அடக்க ஈரமே கூடாது. இந்த முரண்பாட்டால்தான் புதிய ஆலைகள் சேற்றை அழுத்தி வடிகட்டி, நீரை ஆலைக்கே திருப்பிவிட்டு, உலர்ந்ததைக் குவியலாக அடுக்குகின்றன. மவுன்டன் பாஸில் இப்போது இந்த முறைதான்.

அடுத்தது வறுத்தல். செறிவாக்கிய தாதுவை அடர் கந்தக அமிலத்தோடு சுழல் உலையில் விடுவார்கள். பாஸ்ட்னசைட் என்னும் அருமண் தாதுவுக்குள்ளேயே புளோரின் இருப்பதால் ஹைட்ரஜன் புளோரைடும், கூடவே கந்தக டையாக்சைடும் கிளம்பும். சீன அருமண் சங்கம் தந்ததாகப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் எண்கள் இவை: ஒரு டன் ஆக்சைடுக்கு 9,600 முதல் 12,000 கன மீட்டர் புகைவாயு, 75 கன மீட்டர் அமிலக் கழிவுநீர், ஏறக்குறைய ஒரு டன் கதிரியக்கக் கழிவு. பாவ்டோவின் பழைய வழிமுறைக்கான எண் இது. எந்த ஆலையைப் பற்றிப் பேசினாலும் இதைத் தூக்கிக் காட்டுவது நியாயமில்லை.

வறுக்கும் வெப்பநிலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 300 டிகிரிக்குக் கீழே நிறுத்தினால் தோரியம் கரைசலுக்குள் வந்துவிடும், தனியே பிடித்து வைக்கலாம். அதற்கு மேலே போனால் தோரியம் பைரோபாஸ்பேட்டாக மாறிக் கசடிலேயே தங்கிவிடும். ஆலைக்கு இரண்டாவதுதான் வசதி, கரைசல் சுத்தமாக வரும். விலை என்னவென்றால், கசடு முழுவதும் கதிரியக்கக் கழிவாகிக் குவிந்துகொண்டே போகும்.

மூன்றாவது கரைப்பான் பிரித்தெடுப்பு. பி507, பி204 போன்ற கரிமப் பாஸ்பரஸ் அமிலங்களை மண்ணெண்ணெயில் கலந்து, அருமண் குளோரைடு கரைசலோடு கலக்கித் தெளிய விடுவார்கள். பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களான நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் பிரிக்கும்போது ஒரு தொட்டியில் கிடைக்கும் பிரிவு விகிதம் 1.5 அளவுதான். அதனால் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வேண்டும். கரைப்பான் அருமண்ணைப் பிடிக்கும்போது அமிலத்தை வெளியே விடும். அது ஓட்டத்தைக் கெடுக்காமல் இருக்க முன்கூட்டியே அமோனியாவாலோ காஸ்டிக் சோடாவாலோ சமன் செய்வார்கள். ஒரு டன் ஆக்சைடுக்குச் சுமார் 8 முதல் 10 டன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், ஒரு டன் அளவு திரவ அமோனியாவும் போகும். இரண்டும் பொருளுக்குள் சேர்வதில்லை, அத்தனையும் உப்புநீராக வெளியே வருகிறது. அமோனியா என்றால் ஆற்றில் பாசி பெருகி நீரின் ஆக்சிஜன் இறங்கும். காஸ்டிக் என்றால் சாதாரண உப்புக் கரைசல். அதை நுண்ணுயிரால் சுத்திகரிக்க முடியாது, காய்ச்சி வற்றவைக்க மின்சாரம் வேண்டும். ‘அமோனியாவை நிறுத்திவிட்டோம்’ என்று ஓர் ஆலை சொன்னால், உப்பு எங்கே போகிறது என்பதே அடுத்த கேள்வி.

குழாயும் சின்ன விஷயமில்லை. மவுன்டன் பாஸிலிருந்து பாலைவன ஏரிப்படுகைக்குக் கழிவுநீர் கொண்டுபோன குழாயில் 1984 முதல் 1998 வரை சுமார் 60 முறை கசிவு ஏற்பட்டது. அந்த வகைக் குழாய்களின் உட்சுவரில் படியும் செதிலில் ரேடியமும் தோரியமும் சேர்ந்துகொள்ளும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் நாள்தான் ஆபத்தான நாள்.

கேள்வி: டிஸ்ப்ரோசியம் பாறையிலிருந்து வருவதில்லை, மலையைக் கரைத்து எடுக்கிறார்கள் என்று படித்தேன். அது எப்படி?

இந்த விவகாரத்தின் மிக மோசமான பகுதி அதுதான் என்பது எங்கள் கணிப்பு. எடைக் கணக்கில் துளியாக இருப்பதால் எளிதில் பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் பெருமளவு வருவது தெற்குச் சீனாவின் ஜியாங்சி, குவாங்டாங் மலைகளிலிருந்தும் மியன்மாரின் கச்சின் மலைகளிலிருந்தும். கிரானைட் மக்கி உண்டான களிமண்ணின் துகள்மேல் அருமண் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். செறிவு 0.05 முதல் 0.2% வரைதான். ஆனால் அரைக்கவும் வேண்டாம், வறுக்கவும் வேண்டாம். அமோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினால் அமோனியம் அயனி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, அருமண் கழன்று நீரோடு வரும். ஆக்ஸாலிக் அமிலமோ அமோனியம் பைகார்பனேட்டோ போட்டுப் படியவைத்து, உலையில் சுட்டால் ஆக்சைடு தயார். குழாயும் தொட்டியும் உரமூட்டையும் இருந்தால் எவரும் தொடங்கிவிடலாம். அந்த எளிமைதான் வினை.

முதலில் மலையை வெட்டித் தொட்டியிலும் பிறகு குவியலாகவும் போட்டுக் கரைத்தார்கள். ஒரு டன் ஆக்சைடுக்கு 2,000 டன் கழிவு மண் மிஞ்சியது. சீனா அதைத் தடுத்து, மலையை வெட்டாமல் கரைக்கும் முறைக்கு மாற்றியது. சரிவெங்கும் சில மீட்டர் இடைவெளியில் துளையிட்டு, கரைசலை உள்ளே விட்டு, அடிவாரத்தில் கால்வாயோ சுரங்கமோ தோண்டிப் பிடிப்பார்கள். மரங்கள் நிற்கும், புகைப்படத்தில் பச்சையாகத் தெரியும்.

உள்ளே நடப்பது வேறு. இம்முறை பலிக்க, களிமண்ணுக்கு அடியில் விரிசலில்லாத பாறை இருக்க வேண்டும். விரிசல் இருந்தால் கரைசல் கால்வாய்க்கு வராமல் நிலத்தடி நீருக்குப் போகும். நீர் ஊறிய சரிவு கனத்து, மழைக்காலத்தில் பெயர்ந்து விழும். ஒரு டன் ஆக்சைடுக்கு 7, 8 டன் அமோனியம் சல்பேட் இறங்குகிறது. வேலை முடிந்த பின்னும் அதில் ஒரு பங்கு களிமண்ணிலேயே ஒட்டி நின்று, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கிணறுகளில் அமோனியமாகவும் நைட்ரேட்டாகவும் தெரியும். மண் புளித்துப்போவதால் ஈயமும் காட்மியமும்கூடக் கழன்று வரும். கடைசியில் பல மாதம் வெறும் நீரை விட்டு அலசி, அந்த நீரையும் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். அருமண் வராத நீருக்காகச் செலவழிக்க யாரும் அங்கே இருப்பதில்லை.

2012ல் சீனத் தொழில்துறை அமைச்சகமே ஜியாங்சியின் கன்சோ பகுதியைச் சீர்செய்ய 3,800 கோடி யுவான் ஆகும் என்றது. முந்தைய ஆண்டு அம்மாநில அருமண் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஈட்டிய லாபம் 640 கோடி யுவான். கெடுபிடி கூடியதும் வேலை எல்லை தாண்டியது. 2021ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கச்சினில் கரைசல் குட்டைகள் மளமளவென்று பெருகின. சீனா சுத்தமானதில் ஒரு பங்கு, அழுக்கு இடம்பெயர்ந்ததால் வந்தது.

ஒரு மோட்டாரின் கணக்கையும் பாருங்கள். 1.5 கிலோ காந்தத்தில் 2% டிஸ்ப்ரோசியம் என்றால் 30 கிராம். களிமண் செறிவு 0.1%, அதில் டிஸ்ப்ரோசியத்தின் பங்கு 4%, முக்கால்வாசி மீள்கிறது என்று வைத்தால், அந்த 30 கிராமுக்கு ஒரு டன்னுக்கு மேல் மண்ணைக் கரைக்க வேண்டும்.

அமோனியம் சல்பேட்டுக்குப் பதில் மெக்னீசியம் சல்பேட், மின்புலத்தால் அயனிகளை ஓரிடத்துக்கு இழுக்கும் முறை இரண்டும் சீனாவில் களத்துக்கு வந்திருக்கின்றன. முதலாவது நைட்ரஜன் தொல்லையைத் தீர்க்கும், சல்பேட் தொல்லையைத் தீர்க்காது.

கேள்வி: காந்த மோட்டார் உள்ள வண்டியில் கதிரியக்கம் இருக்குமா?

இருக்காது. கதிரியக்கம் உள்ள தோரியம், தாதுவைப் பிரிக்கும் ஆலையிலேயே நின்றுவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் ஆலையில் நிற்கும் தோரியம் எவ்வளவு ஆபத்து? கடற்கரை மணல் மோனசைட் பற்றியும் சொல்லுங்கள்.

எந்தத் தாது என்பதைப் பொறுத்தது. பாஸ்ட்னசைட்டில் தோரியம் மிகக் குறைவு, மோனசைட் என்னும் பாஸ்பேட் தாதுவில் அதிகம். இந்தியக் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8% அளவுக்கு உண்டு. கணக்கிட்டால் தோரியத்தால் மட்டும் ஒரு கிராமுக்கு 280 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு). சர்வதேச அணுசக்தி முகமை, இயற்கைக் கதிரியக்கப் பொருளில் கட்டுப்பாடு பற்றி யோசிக்கத் தொடங்கச் சொல்லும் எல்லை கிராமுக்கு 1 பெக்கரல்.

மணலாக இருக்கும்வரை தோரியம் பாஸ்பேட் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கும், தண்ணீரில் கரையாது. அந்த நிலையில் கவனிக்க வேண்டியவை தூசும், குவியலுக்கு அருகே காமாக் கதிரும். பூட்டு உடைவது ஆலையில். அரைத்த மோனசைட்டை அடர் காஸ்டிக் கரைசலில் 140, 150 டிகிரியில் வேகவைத்தால் பாஸ்பேட் தனியே வரும், ட்ரைசோடியம் பாஸ்பேட்டாக விற்கலாம். மிஞ்சிய ஹைட்ராக்சைடில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அளந்து விட்டு, பி.எச். 3 முதல் 4க்குள் நிறுத்தினால் அருமண் கரையும், தோரியம் பெருமளவு கரையாமல் தங்கும். அமிலம் கொஞ்சம் கூடினால் தோரியமும் கரைசலுக்குள் வந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது ரேடியத்தை. தோரியம் சிதைவதால் உண்டாகும் ரேடியம்-228 தோரியத்தோடு தங்காது, அருமண் குளோரைடு கரைசலோடு போகும். பேரியம் குளோரைடும் சல்பேட்டும் சேர்த்து, பேரியம் சல்பேட்டோடு அதைப் படியவைக்க வேண்டும். இந்தப் படியைச் சுருக்கினால் ‘தோரியம் நீக்கிய’ பொருளில் 5.75 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியம் இருக்கும். அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. தோரியத்தைப் பிரித்த அன்றே காமாக் கதிரை அளந்தால் குறைவாகக் காட்டும். ஒரு மாதத்துக்குள், சிதைவில் பிறக்கும் சேய்த் தனிமங்கள் வளர்ந்து அளவு ஏறிவிடும். கிடங்கின் அளவீட்டுத் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

தோரியம்-232ன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. ஆகவே காத்திருந்தால் குறையும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீர் புகாத, தூசு எழாத, கணக்கு வைக்கப்பட்ட கிடங்கு ஒன்றே வழி. மலேசியாவின் புக்கித் மேராவில் 1982ல் தொடங்கிய ஆலை 1990களில் மூடப்பட்டது. அதைச் சுத்தம் செய்ய சுமார் 10 கோடி டாலர் ஆனது. முதலிலேயே கிடங்கு கட்டியிருந்தால் அதில் சிறு பங்குதான் ஆகியிருக்கும்.

கேள்வி: ஆக்சைடிலிருந்து உலோகமாக்கும்போது பாதிப்பு இல்லையா?

உண்டு, கண்ணுக்குத் தெரியாது. சுமார் 1,050 டிகிரியில் உருகிய புளோரைடு உப்பில் ஆக்சைடைப் போட்டு மின்னாற்பகுப்பு செய்கிறார்கள். ஆக்சைடு ஊட்டுவது கொஞ்சம் பிந்தினால், கிராஃபைட் நேர்மின்வாய் புளோரைடோடு வினைபுரிந்து கார்பன் டெட்ராபுளோரைடு வரும். அதன் ஒரு கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் ஏழு டன் கார்பன் டையாக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். வளிமண்டலத்தில் ஏறக்குறைய 50,000 ஆண்டு நிற்கும். கையால் அள்ளிப் போடும் சிறு கலங்களில் இது அடிக்கடி நடக்கும். தானியங்கி ஊட்டலும் மின்னழுத்தக் கண்காணிப்பும் வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். இதற்குச் செலவும் அதிகமில்லை.

கேள்வி: இவ்வளவு அழுக்கு என்றால் நிலக்கரியே தேவலை என்று தோன்றுகிறதே?

கணக்குப் போடுவோம். 3 மெகாவாட் நேரடிச் சுழற்சிக் காற்றாலைக்கு 1,800 கிலோ காந்தம், அதில் 540 கிலோ அருமண். வெட்டிச் சீவுவதில் போகும் தூளையும் சேர்த்து 800 கிலோ ஆக்சைடு என்று வையுங்கள். பாவ்டோவின் பழைய எண்ணை அப்படியே போட்டால் 60 கன மீட்டர் கழிவுநீர், முக்கால் டன்னுக்குச் சற்று மேல் கதிரியக்கக் கழிவு. சீரியத்துக்கும் லாந்தனத்துக்கும் அவற்றின் பங்கு கழிவை எழுதிவிட்ட கணக்கு இது. அவை விற்கவே இல்லை, எல்லாம் காந்தத்தின் தலையில்தான் என்றால் நாலரை மடங்காகும்: 270 கன மீட்டர், மூன்றரை டன். இது 20, 25 ஆண்டுக்கு ஒரு தடவை.

அதே காற்றாலை சராசரியாகத் தன் முழுத் திறனில் 35% அளவுக்கு ஓடினால் ஆண்டுக்கு 9,200 மெகாவாட்-மணி தரும். அதை நிலக்கரியில் எடுத்தால் ஆண்டுதோறும் சுமார் 9,000 டன் கார்பன் டையாக்சைடு. சாம்பல் 10% மட்டுமே உள்ள நல்ல நிலக்கரியானாலும் 370 டன் சாம்பல், அதிலும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. அளவில் போட்டியே இல்லை. ஆனால் நிலக்கரியின் கார்பன் உலகம் முழுவதற்கும் பகிர்ந்து போகிறது, அருமண் கழிவு ஒரே பள்ளத்தாக்கின் கிணற்றில் இறங்குகிறது. சராசரி எண்ணைக் காட்டி அந்தக் கிணற்றுக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: அருமண் இல்லாத மோட்டார் செய்ய முடியாதா?

செய்கிறார்கள். டெஸ்லாவின் முதல் மாடல் எஸ் காந்தமில்லாத தூண்டல் மோட்டாரில் ஓடியது. ரெனோ ஸோயிலும் பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ்3லும் சுழலியில் காந்தத்துக்குப் பதில் செப்புச் சுருள். செம்பும் எடையும் கூடும், சுழலி சூடாகும், செயல்திறனில் கொஞ்சம் இழப்பு வரும். இரும்பு ஆக்சைடால் ஆன ஃபெரைட் காந்தத்தின் ஆற்றல் நியோடிமியம் காந்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் மோட்டார் பெருத்துவிடும்.

எங்களுக்கு அதிகம் நம்பிக்கை தருவது டிஸ்ப்ரோசியத்தைக் குறைப்பது. அது தேவைப்படுவதே காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்க. முன்பு உருக்கும்போதே முழுவதும் கலந்தார்கள். இப்போது முடிந்த காந்தத்தின் மேல் பூசிச் சூடாக்கி, படிகமணிகளின் விளிம்புக்கு மட்டும் ஊடுருவ விடுகிறார்கள். பாதி அளவில் அதே தாங்குதிறன் கிடைக்கிறது. மோட்டாரை நன்றாகக் குளிர்வித்தால் இன்னும் குறையும். ஒவ்வொரு 10 கிராம் குறைப்பும் மேலே சொன்ன களிமண்ணில் நூற்றுக்கணக்கான கிலோ.

கேள்வி: பழைய மோட்டார்களை உடைத்து விற்கிறோம். காந்தத்தை மீட்க முடியுமா? என்ன கவனிக்க வேண்டும்?

காந்தத்தைச் சுழலியிலேயே விட்டு இரும்போடு உருக்கினால் அருமண் கசடாகிப் போய்விடும். இழப்பில் பெரும்பகுதி இப்படித்தான். சுழலியைத் தனியே கழற்றிவைப்பதே முதல் வேலை. கையால் இழுக்காதீர்கள், பிரஸ் வைத்து நேராகத் தள்ளுங்கள். மோட்டார் காந்தம் விரலை நசுக்கிவிடும். காற்றோட்டமான உலையில் 350 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் காந்தத்தன்மை போகும், பசையும் கருகும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. அரவை இயந்திரத்தில் அறுக்கவே வேண்டாம். நியோடிமியம் காந்தத் தூள் காற்றில் தானாகத் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வரும். உலர் மணல்தான் அதற்கு மருந்து.

அதற்கு மேற்பட்டது ஆலையின் வேலை. ஹைட்ரஜன் வாயுவில் அறை வெப்பத்திலேயே காந்தம் உப்பி நொறுங்கும், நிக்கல் பூச்சு செதிலாக உரியும், சலித்துப் பிரிக்கலாம். சேர்ந்துவிட்ட ஆக்சிஜனைச் சமாளிக்கச் சில சதவீதம் புது நியோடிமியம் சேர்த்து மறுபடி காந்தமாக்குவார்கள். அமிலமும் கரைப்பான் தொட்டியும் இல்லாத குறுக்குவழி இது. தோற்பது கலப்படத்தில்: வெவ்வேறு தரக் காந்தங்கள் சேர்ந்தால் வரும் பொருள் எதற்கும் உதவாது. எந்த மாதிரி மோட்டாரிலிருந்து எடுத்தது என்று எழுதி, தனித்தனிப் பெட்டியில் போட்டுவைத்தால் விலையும் கூடும்.

கேள்வி: ஓர் அருமண் ஆலையின் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிக்க நேர்ந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

தோரியத்தின் நிறைச் சமன்பாட்டை. தாதுவோடு உள்ளே வரும் கிலோ, ஒவ்வொரு கழிவிலும் வெளியேறும் கிலோ, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அடுத்து அதே கணக்கைக் குளோரைடுக்கும் அமோனியாவுக்கும் கேளுங்கள். அமிலமாக உள்ளே வந்த குளோரின் எந்த உப்பாக, எங்கே போகிறது என்று இல்லாத அறிக்கை முழுமையானதல்ல. ஆலை தொடங்கும் முன்பே சுற்றுக் கிணறுகளில் ஓராண்டாவது எடுத்த ரேடியம்-228, புளோரைடு, அமோனியம், சல்பேட் அளவுகள் இணைப்பில் இருக்கின்றனவா பாருங்கள். அவை இல்லையென்றால் பிறகு எது வந்தாலும் ‘முன்பே இருந்தது’ என்று சொல்லிவிடலாம். கடைசியாக, மூடும் செலவுக்கான பணம் யாருடைய கணக்கில், ஆலை ஓடத் தொடங்கும் முன்பே கட்டப்பட்டதா என்று பாருங்கள். ‘லாபத்திலிருந்து ஒதுக்கப்படும்’ என்று எழுதியிருந்தால், ஜியாங்சியின் 640 கோடி யுவான் லாபத்துக்கும் கன்சோவின் 3,800 கோடி யுவான் செலவுக்கும் உள்ள இடைவெளியை அங்கே குறித்துவைத்து எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.